முறை தெரியாத அணுக்கள்

"நல்ல நரம்பு சார் உங்களுக்கு. ஊசி போடறவங்களுக்குக் கஷ்டமே குடுக்காது" என்று நர்ஸ் சொன்னது என்னைப் பார்த்து அல்ல, பக்கத்து நாற்காலியில் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டு உட்கார்ந்திருக்கும் ஜெபசிங்கைப் பார்த்து. என் மனைவி வாணி வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் அவன் பி.டி. மாஸ்டர். காலையும் மாலையும் பிள்ளைகளோடு மைதானத்தைச் சுற்றுகிறவனுக்கு நரம்பு புடைத்துக்கொண்டு நிற்காமல் என்ன செய்யும், இதில் பாராட்ட என்ன இருக்கிறது, வாழை மரத்திடம் போய் உன் தண்டு நன்றாக இருக்கிறது என்று யாராவது சொல்வார்களா. போன மாதம் இதே நாற்காலியில் இதே நர்ஸ் என் கையில் ரப்பர் கயிற்றைக் கட்டி, தட்டி, தடவி, இடது கையை விட்டு வலது கைக்கு வந்து, கடைசியில் "உங்க நரம்பு ஒளிஞ்சுக்குதுங்க சார்" என்றாள். வாணி அன்றைக்கும் சிரித்தாள். இப்போதும் சிரிக்கிறாள். இரண்டும் ஒரே சிரிப்பு இல்லை, ஒன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தவனுக்குத் தெரியும். "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கு மேடம், நீங்க என்னத்துக்கு மூஞ்சியைத் திருப்புதீங்க" என்று அவன் திசையன்விளைத் தமிழில் சொல்கிறான். "ரத்தம் பாத்தா எனக்கு ஆகாதுங்க ஜெபா சார்" என்று இவள் சொல்கிறாள். ஜெபசிங் சார் இல்லை, ஜெபா சார். ரத்தம் குழாயில் இறங்குகிறது. ஒரு குழாய், இன்னொரு குழாய், எனக்குத் தெரிந்து இவ்வளவு சிவப்பாக எனக்கு வரவில்லை. இதைக் கொண்டுபோய் எந்திரத்தில் போட்டுச் சுற்றுவார்கள். சிவப்பெல்லாம் அடியில் தங்கிவிடும், நடுவில் மெல்லிசாக வெள்ளையாக ஓர் ஆடை நிற்கும், பாலாடை மாதிரி. அதை மட்டும் எடுத்துக் கழுவி, ஊசியில் ஏற்றி, என் மனைவியின் கைத் தோலுக்கு அடியில் போடுவார்கள். அவன் பாலாடையை, என் மனைவியின் தோலுக்கு அடியில்.

நான் படிக்காதவன் இல்லை. நாமக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு ஹேச்சரியில் மேனேஜர். முட்டையும் குஞ்சும்தான் என் பிழைப்பு, கருவைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் அன்னபூரணி எடுத்தார். மூன்றாவது கரு கலைந்த பிறகு அவரிடம் வந்தோம். ஈரோட்டில் இவர் கொஞ்சம் பொறுமையாகப் பேசுவார் என்று யாரோ சொன்னார்கள், பேசினார், அதுதான் வினை. மாத்திரைக் கம்பெனி கொடுத்த நோட்டீஸின் முதுகில் சினைப்பையை வரைந்தார், பாதாம் பருப்பு மாதிரி. அதற்குள் சின்னச் சின்ன வட்டமாகக் கருமுட்டைகள். வட்டங்களைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போனார். "இதெல்லாம் வெள்ளை அணுங்க. இதுங்க சண்டை போடறதுக்கு மட்டும்தான்னு நினைக்கறோம். அப்படி இல்ல. முட்டை வளர்றப்ப சுத்தி நிக்கறது இதுங்கதான். வளராம செத்துப்போன முட்டையைத் தின்னு சுத்தம் பண்றதும் இதுங்கதான். மாசத்துல ஒரு முட்டை வெளிய வரோணும்னா சுவர் மெலிசாகணுமில்ல, அதுலயும் இதுங்களுக்குப் பங்கு இருக்கு. முட்டை போன இடத்துல புண்ணு ஆறி மஞ்சளா ஒரு சதை வளரும், கருவைத் தாங்கற ஹார்மோன் அங்கிருந்துதான் வரும், அதுக்கு ரத்த ஓட்டம் வர வைக்கறதுலயும் இதுங்க கை இருக்கு. வயசாக ஆக இதுங்க குணம் மாறும். காவல் காத்ததே அரிக்க ஆரம்பிக்கும். வாணிக்கு அந்தப் பிரச்சினை எதுவும் இல்ல. சினைப்பை தங்கமா இருக்கு." தங்கமாக இருக்கிறது என்றதும் வாணி அழுதுவிட்டாள். எனக்கோ அந்தப் புள்ளிகள் மேல் கண். மாதாமாதம் என் மனைவிக்குள் இவ்வளவு பேர் நின்று கதவு திறந்து, கதவு சாத்தி, புண்ணை ஆற்றிக்கொண்டிருக்கிறார்கள், எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. சிரிப்பாக இருக்கிறதா, இருக்கட்டும். வயிற்றெரிச்சல் பிடித்தவனுக்குப் புள்ளி கூட ஆம்பளையாகத்தான் தெரியும்.

பிறகுதான் எங்கள் இரண்டு பேர் வெள்ளை அணுவையும் ஒப்பிட்டுப் பார்த்த ரிப்போர்ட்டை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றினார், டாக்டர்கள் கண்ணாடியைக் கழற்றினால் நல்லதுக்கு இல்லை. "நீங்க சொந்தத்துல கட்டினீங்களா?" என்றார். நான் பெருமையாகத்தான் சொன்னேன், "மாமன் பொண்ணுங்க. எங்க அம்மாவோட கூடப் பொறந்த அண்ணன் மக." "அதுக்கு முன்னாடி?" "எங்கம்மா அப்பாவும் சொந்தம்தானுங்க. மாமனும் அத்தையும் சொந்தம்தான். நாங்க வெளிய குடுக்கறதில்லைங்க, வெளிய எடுக்கறதுமில்லை." அவர் தலையாட்டிக்கொண்டே, "அதான். இந்த ரிப்போர்ட்டை மட்டும் பாத்தா புருசன் பொண்டாட்டின்னு சொல்ல மாட்டேன், அண்ணன் தங்கச்சின்னுதான் சொல்லுவேன்" என்றார். அண்ணன் தங்கச்சி. சித்தப்பன் மகளைத்தான் நாங்கள் தங்கச்சி என்போம், மாமன் மகளைக் கட்டிக்கொள்வோம், இது எங்கள் பக்கம் பால் மறக்காத பிள்ளைக்கும் தெரியும். வெள்ளை அணுவுக்குத் தெரியவில்லை. வெள்ளை அணுவுக்கு முறை தெரியாது. "வர்றது அசலா, அன்னியமா இருந்தாத்தான் அம்மாவோட உடம்பு திரும்பிப் பாக்கும், யாரோ வந்திருக்காங்கன்னு எடம் ஒதுக்கிப் பாதுகாக்கும். உங்க குழந்தையில உங்க பாதியும் அவங்க மாதிரியே இருந்தா கவனிக்காம விட்டுடுது. அசல் ஆளோட அணுவைப் போட்டு உடம்பை முன்னாடியே முழிக்க வெக்கறதுதான் இந்த ஊசி. இது ஒரு கருத்துதான். இதை ஒத்துக்காத டாக்டருங்க நெறையப் பேர், இந்த ஊசிக்கு உறுதியான ஆதாரமும் கிடையாது, பல நாட்டுல நிறுத்திட்டாங்க. அதையும் சொல்லிடறேன், முடிவு நீங்க பண்ணுங்க" என்றார் டாக்டர். சாதாரணமாகப் புருஷனின் அணுக்களைத்தான் போடுவார்களாம். எங்கள் விஷயத்தில் அது கிணற்றுத் தண்ணீரை எடுத்து அதே கிணற்றில் ஊற்றுகிற வேலையாம். "சொந்தம் இல்லாத, ஆரோக்கியமான ஒரு ஆம்பளையைக் கூட்டிட்டு வாங்க" என்றார். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்.

சொந்தம் இல்லாத ஆளுக்கு நான் எங்கே போவேன். அன்றைக்கு வீட்டில் செல்போனை எடுத்து மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனேன். மாமன், மச்சான், பங்காளி, சகலை, சித்தப்பன், மறுபடி மச்சான். சொந்தமில்லாதவர்கள் என்றால் கேஸ் சிலிண்டர்காரரும் ஹேச்சரி லாரி டிரைவரும்தான். சர்க்கரை இல்லாத டிரைவர் எங்கள் ஹேச்சரியில் கிடையாது. கடைசியில் தீவனக் கடை குமரவேலைக் கூட்டி வந்தேன். பத்து வருஷச் சிநேகிதம், சொந்தமில்லை, சேலம் பக்கத்து ஆள். அன்றைக்குத் துணைக்கு மாமனாரும் வந்திருந்தார். எங்கள் பக்கத்து ஆட்கள் இரண்டு பேரை ஒரு பெஞ்சில் உட்கார வைத்தால் என்ன நடக்கும் என்று யோசிக்காதது என் தப்பு. எந்த ஊருங்க, எந்தக் கூட்டமுங்க, குலசாமி எதுங்க, உங்கம்மா பொறந்தது எங்கீங்க என்று ஆரம்பித்து, டீ ஆறுவதற்குள் குமரவேலின் அப்பாரும் வாணியின் அப்பாரும், அதாவது இரண்டு தாத்தாக்களும், ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். "அட, நம்ம பையன்!" என்று மாமனார் அவன் முதுகில் தட்டின சத்தம் உள்ளே டாக்டருக்கே கேட்டது. குமரவேலைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். போகும்போது அவன் வாணியை "வரட்டுங்களா தங்கச்சி" என்றான். வீட்டுக்குப் போகிற வழியில் காருக்குள் வாணிதான் சொன்னாள், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "எங்க ஸ்கூல்ல ஜெபா சார் இருக்காரு. கேட்டா செய்வாரு." எவ்வளவு நாளாக அந்தப் பெயர் அவள் நாக்கில் தயாராக இருந்தது. கேட்டா செய்வாரு என்று எப்படித் தெரியும். வேறு எதைக் கேட்டு எதைச் செய்தான்.

ஒன்றும் செய்யவில்லை. எனக்கு அதுவும் தெரியும். அவனுக்கு மனைவி இருக்கிறாள், இரண்டு பெண் குழந்தைகள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்ப் பாடுகிறான். அவன் ரத்தப் பரிசோதனை எல்லாம் சுத்தமாக வந்தது. ஏதாவது ஒன்று கெட்டிருக்கக் கூடாதா என்று நான் வேண்டிக்கொண்டதும் உண்மை. மஞ்சள் காமாலை ஒன்று வந்திருந்தால் என்ன, இந்த ஊரில் எல்லாருக்கும் வருகிறது. இன்றைக்கு லீவு போட்டு, டீ கூடக் குடிக்காமல் முதல் பஸ்ஸில் வந்து நிற்கிறான். கார் அனுப்புகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டான். பஸ் டிக்கெட்டைக் கூட நான் வாங்கித் தர விடாதவனை எப்படித் திட்டுவது. அயோக்கியனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதி. அந்த அணுக்கள் கொஞ்ச நாளில் செத்துவிடும், குழந்தையில் அவனுடையது துளிக்கூட வராது என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார், என் முகத்தைப் பார்த்தே சொன்னார். மண்டைக்குப் புரிகிறது. ஆனால் கண்ணை மூடினால் ஒரு குழந்தை தெரிகிறது, என் மூக்கு, வாணியின் நெற்றி, கையில் மட்டும் நரம்பு புடைத்துக்கொண்டு நிற்கிறது. ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வருகிறது. கோப்பையை வாங்கிக்கொண்டு கூட்டத்தில் யாரையோ தேடுகிறது. இந்த ஊசி பலிக்காமல் போகட்டும். அய்யோ, என்ன நினைத்துவிட்டேன். நினைத்துவிட்டேன்தான். பலித்தால் எனக்குக் குழந்தை, பலிக்காவிட்டால் எனக்கு வாணி, முழுசாக, யார் பாலாடையும் படாமல். இப்படி ஒரு தராசைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கிற ஒருவனுக்கு எந்தச் சாமி பிள்ளை கொடுக்கும்.

"ஹஸ்பெண்ட் சார், நீங்க வேணா உள்ள வரலாமுங்க" என்று கதவைத் திறந்த புது நர்ஸ் ஜெபசிங்கைப் பார்த்துச் சொல்கிறாள். அவன் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு வாணிக்குப் பக்கத்தில் நிற்கிறான், நான் ஜன்னல் ஓரம் நிற்கிறேன், அவள் மேல் தப்பில்லை. "நான் இல்லம்மா, அந்தா அவுக" என்று அவன் பதறிப்போய் என்னைக் காட்டுகிறான். அந்தா அவுக. தூரத்தில் தெரிகிற கோயில் கோபுரத்தைக் காட்டுகிற மாதிரி. "அப்ப நான் வாரேன் சார். மத்தியானம் பிள்ளையளுக்கு மேட்ச் இருக்கு. மேடம், நல்லபடியா வரும், பயப்படாதிய." என்னிடம் கையை நீட்டுகிறான். குலுக்குகிறேன், பஞ்சு ஒட்டின அந்தக் கையை. "ரொம்பத் தேங்க்ஸுங்க" என்கிறேன், என் குரல் எனக்கே யாரோ கடன் கொடுத்த மாதிரி இருக்கிறது. அவன் படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்குகிறான். இவ்வளவு ரத்தம் கொடுத்தவன் கொஞ்சம் தலைசுற்றலாவது காட்டியிருக்கலாம்.

எந்திரம் சுற்றி, கழுவி, ஊசியில் ஏற்றிக் கொண்டுவர இரண்டு மணி நேரம் ஆகிறது. உள்ளே குளிர். வாணி கையை நீட்டிப் படுத்திருக்கிறாள், உள்பக்கம் தெரிய, வெயில் படாத இடம், கல்யாணத்தன்று மருதாணி வைத்த இடம். எங்கள் கல்யாணம் எங்கள் கல்யாணத்தன்று தொடங்கவில்லை. வாணியின் அப்பா கல்யாணத்தில் எங்கம்மா இணைச்சீருக்கு நின்றவள். புடவையின் ஒரு நுனி அண்ணன் கையில், மறு நுனி தங்கச்சி கையில், நாளைக்கு நம் பிள்ளைகள் ஒன்றாகட்டும் என்று சபை அறியச் செய்கிற சீர் அது. நானும் பிறக்கவில்லை, வாணியும் பிறக்கவில்லை, அந்தப் புடவையில் எங்கள் இரண்டு பேரையும் முடிந்துவிட்டார்கள். ஆனாலும் வாணி காலேஜ் முடித்ததும் மாமன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிப் பையனைப் பார்த்தார். அசல். எங்கம்மா கூட, "போகட்டும் விடு, படிச்ச புள்ள, நல்ல எடம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்கள் நிச்சயத்துக்குப் பூ வைக்க வருகிற அன்று காலையில் என்ன நினைத்தாளோ, "டேய் யுவராசு, வேட்டியைக் கட்டிட்டுப் போய் மாமன் வீட்டுல உக்காரு" என்றாள். மணவறையில் உட்கார்ந்த பெண்ணையும் எழுப்பிக்கொண்டு போக முறைப்பையனுக்கு உரிமை உண்டு என்பார்கள், நான் எழுப்பவில்லை, சும்மா போய் உட்கார்ந்தேன். கூடத்து நாற்காலியில், ஒரு வார்த்தை பேசாமல். அது போதும். திருப்பூர்க்காரர்கள் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். வாணி உள்ளே இருந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. ஒன்பது வருஷமாக அந்த உள் அறைக் கதவுக்குப் பின்னால் அவள் முகம் எப்படி இருந்திருக்கும் என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன், அழுதாளா, பல்லைக் கடித்தாளா, அந்தப் பனியன் கம்பெனிக்காரன் மேல் ஆசை இருந்ததா. கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயம். ஹேச்சரியில் ஒரே கொட்டகைச் சேவலைத் திரும்பத் திரும்ப விட மாட்டேன், அசல் கொட்டகைச் சேவலை நானே போய்ப் பொறுக்கி எடுத்து வருவேன், இல்லாவிட்டால் முட்டையில் கரு தங்காது. விளக்கொளியில் வைத்துப் பார்த்தால் வெறும் மஞ்சள்தான் தெரியும். தொழிலில் தெரிந்தது வீட்டில் தெரியவில்லை. அசலை எழுப்பி அனுப்பிவிட்டுச் சொந்தம் என்று போய் உட்கார்ந்தவன் நான்.

முதல் ஊசி. தோலுக்கு அடியில் ஒரு பரு எழும்புகிறது, வெள்ளையாக. வாணி உதட்டைக் கடிக்கிறாள். இரண்டாவது. எறும்பு கடித்த மாதிரி என்றானே, பொய், பாவி. பருக்களைச் சுற்றிச் சிவக்க ஆரம்பிக்கிறது, கண் முன்னாலேயே. என் மனைவியின் உடம்பு அவனைக் கண்டுகொள்கிறது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று ஓடி வந்து சூழ்ந்துகொள்கிறது. எனக்கு இப்படி ஒரு தடவையாவது சிவந்திருக்குமா இந்தத் தோல், நான் தொட்டால் அவள் கையில் என்ன மாறும், ஒன்றும் மாறாது, அவள் கையை அவளே தொட்ட மாதிரி. மூன்று பிள்ளைகளும் இப்படித்தான் வந்திருக்கின்றன, வந்தது யாருக்கும் தெரியாமல் போயிருக்கின்றன. "அரிக்கும், சொறியக் கூடாதுங்க, கை படவே கூடாது" என்று சொல்லிவிட்டு நர்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு போகிறாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "அசல்ல கட்டியிருந்தா உனக்கு இந்தப் பாடு இல்ல" என்கிறேன். கரிசனம் மாதிரி ஆரம்பித்தது, எப்படியோ வழியில் புளித்துவிட்டது. "திருப்பூர்க்காரன கட்டியிருந்தா இந்நேரம் ரெண்டு புள்ள ஸ்கூலுக்குப் போயிருக்கும். நான் வந்து உக்காந்து கெடுத்துட்டேன். இல்ல, ஜெபா சார் மாதிரி ஒருத்தன்."

வாணி என்னைத் திரும்பிப் பார்க்கிறாள். கோபம்தான், ஆனால் களைத்துப்போன கோபம். "யாரு வந்து உக்காந்தது? நீங்களா வந்தீங்க?"

"அம்மா சொல்லித்தான்..."

"அத்தைக்குச் சொன்னது யாருங்க மாமா? அன்னைக்கு விடியால அப்பாவோட போன எடுத்துட்டுப் பாத்ரூமுக்குள்ள போய் அத்தைக்குப் போன் போட்டது நானு. உங்க பையன இன்னைக்கு அனுப்பலைன்னா, நான் இனி உங்க வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொன்னது நானு. உங்களுக்கு நானா சொல்லோணும்? ஒன்பது வருசத்துல ஒரு நாளாவது கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்." கையைப் பார்த்துக்கொள்கிறாள். "கேட்டு வாங்கினது நானு. அதுக்குத்தான் இப்ப ஊசி குத்திக்கறேன். ஒவ்வொரு தடவ கரு போனப்பவும் அதைத்தான் நினைச்சேன், நானே கேட்டு வாங்கினதாச்சேன்னு. உங்களுக்கு என்னன்னா ஜெபா சாரு."

சந்தோஷம் வர வேண்டும். வந்தது, வாசல் வரைக்கும். அந்த நாற்காலியில் வேட்டி கட்டி உட்கார்ந்திருந்தவனை நினைத்துப் பார்க்கிறேன். அவனை ஒருத்தி குளியலறைக்குள் நின்று, குரலை அடக்கி, கேட்டு வாங்கியிருக்கிறாள். அவனுக்கு அது தெரியவே இல்லை. அவன் மேல் வருகிறது பாருங்கள் பொறாமை, ஜெபசிங் மேல் வந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. அப்படிக் கேட்கப்பட்டவன் ஒன்பது வருஷம் என்ன செய்தான், உள் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அவளோ அந்த மூன்று சாவையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டு, அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். மன்னிச்சுக்கோ என்று சொல்லலாம், எங்கள் வீட்டில் யாரும் சொல்லிப் பழக்கமில்லை. "வலிக்குதா" என்கிறேன்.

"அரிக்குதுங்க. உசிரு போகுது." கை தானாக அங்கே போகிறது, நான் அதைப் பிடித்துக்கொள்கிறேன். "தொடக் கூடாதுன்னாங்கல்ல." "ஊதியாவது உடுங்க மாமா." நான் குனிகிறேன். பருக்கள் இப்போது நன்றாகச் சிவந்து, சூடாக, தோல் தனக்குள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது. ஜெபசிங்குடையது செத்துக்கொண்டிருக்கும், இவளுடையது வந்துகொண்டிருக்கும். பலிக்கட்டும். இந்த முறை முழுசாகத்தான் நினைக்கிறேன், பலிக்கட்டும், நரம்பு புடைத்துக்கொண்டு பிறந்தாலும் பிறக்கட்டும். வாயைக் குவித்து, சின்ன வயதில் இவள் முட்டியில் அடிபட்டு வந்தால் ஊதுவேனே அப்படி, ஊதுகிறேன். "இன்னுங் கொஞ்சம் மேல" என்கிறாள். மேலே இருக்கிற பரு எல்லாவற்றையும் விடப் பெரிசு. அதன் மேலும் ஊதுகிறேன்.